காட்பாடி பக்கம் ஒரு சர்ச்சுல பழைய ரீடிங் ரூம்: உயிரோட இருக்கவே வேணாம்னு தோணுறவங்களுக்காக ஒரு ரிவ்யூ

பிரியாணி கடை, புடவைக் கடை, பியூட்டி பார்லர்னு எதுக்கு போறதா இருந்தாலும் நாலு ரிவ்யூ படிச்சுட்டு தான் போறோம், ஆனா மனசு ஒடிஞ்சு போய் இனிமே இருந்து இன்னா ஆகப்போகுதுன்னு உக்காந்திருக்கிறவங்க எங்க போறது, யார நம்பி வாய தொறக்கிறதுன்னு யாரும் எழுதுறது இல்ல. அதான் எழுதுறேன். பெருசா போகும். படிக்கிற உங்களுக்கு இப்பவே தாங்க முடியாத அளவுக்கு இருந்தா இத அப்படியே விட்டுட்டு 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு கவர்மெண்ட் நடத்துறது, 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க, காசு கிடையாது, நடுராத்திரினாலும் பேசலாம், தமிழ்லயே பேசலாம். நம்ம ஸ்டேட் நம்பர் 104லயும் பேசலாம். பக்கத்து ரூம்ல யாராச்சும் இருந்தா அவங்கள எழுப்பி கூட உக்கார வச்சுக்கோங்க, ரிவ்யூ எங்கயும் போயிடாது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். காட்பாடி பக்கம் ஒரு சர்ச் காம்பவுண்டுல பழைய ரீடிங் ரூம் ஒண்ணு இருக்கு. சர்ச் பேரு போடல, ஏன்னா அங்க வர்றவங்கள பாத்து "இவ எதுக்கு இங்க போறா"ன்னு யாரும் ஊருக்குள்ள பேசிடக் கூடாதுன்னு அவங்களே கேட்டுகிட்டாங்க, அது நியாயம் தான். ரெண்டு மர பெஞ்சு, கொஞ்சம் பிளாஸ்டிக் சேர், லேசா சத்தம் போடுற ஃபேன், ஒரு பெரிய ஃப்ளாஸ்க்ல டீ, மாரி பிஸ்கட், அவ்ளோ தான். புதன்கிழமை மத்தியானமும் சனிக்கிழமை சாயங்காலமும் அங்க சிலபேர் உக்காந்திருப்பாங்க, நம்ம போய் பேசலாம், பேசாமயும் உக்காந்திருக்கலாம். நடத்துறது அந்த சர்ச் ஐயரம்மா, அதாவது பாஸ்டரம்மா, அவங்களோட ரிடையர்டான நர்ஸுங்க, ஒரு ரிடையர்டு டீச்சர். காசு வாங்குறதில்ல, ரிஜிஸ்டர் கிடையாது, காணிக்கை கவர் நீட்டுறது இல்ல. பேரும், அவசரத்துக்கு கூப்பிட ஒரு ஆளோட போன் நம்பரும் மட்டும் கேப்பாங்க.

நான் அங்க போனது ரெண்டாவது குழந்தை பொறந்தப்புறம். சுகப்பிரசவம், பொண்ணு, எடை நல்லா இருந்துச்சு, எல்லாரும் சந்தோஷமா வந்துகினு போயிகினு இருந்தாங்க. எனக்கு மட்டும் உள்ள ஒண்ணுமே இல்ல. குழந்தை அழுதா எனக்கு பயம், தூங்குனாலும் பயம், அது தூங்குற நேரத்துல கூட எனக்கு தூக்கம் வராது, சாப்பாடு எறங்காது, தலை சீவுறதே ஒரு பெரிய வேலை மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் அந்த நெனப்பு வர ஆரம்பிச்சுது, நான் இல்லனா இவங்க எல்லாரும் நல்லா இருப்பாங்கன்னு. இத எப்படி எழுதுறதுன்னு தெரியல, அது அழுகையோட கூட வரல, ரொம்ப அமைதியா, ஏதோ கணக்கு போட்டு விடை கண்டுபிடிச்ச மாதிரி வந்துச்சு, அது தான் அதுல இருக்கிற ஆபத்தே. எங்க வீட்டுக்காரர் ராணிப்பேட்டை ஷூ கம்பெனில ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து படுத்துடுவார், அத்தைக்கு நான் சோம்பேறியா தெரிஞ்சேன், எங்கம்மாகிட்ட சொன்னா அழுதுடுவாங்க.

முதல்ல என்னைய வேற ஒரு இடத்துக்கு தான் கூட்டிகினு போனாங்க, ராத்திரி பூரா நடக்கிற உபவாச ஜெபம். எந்த ஊருன்னு சொல்லல. அங்க மைக் புடிச்சவர் நூறு பேருக்கு முன்னாடி என்னைய எழுப்பி நிக்க வச்சு, இது ஆவியோட கட்டு, விசுவாசம் கொறஞ்சதால வந்தது, தற்கொலை நெனப்பே பாவம், மாத்திரை கீத்திரை போடாதன்னு கத்துனார். கையில பச்சக் குழந்தைய வச்சுகினு நின்னுட்டு இருந்தேன். வீட்டுக்கு வந்தப்புறம் முன்னாடி இருந்த பாரத்தோட இப்ப கடவுளுக்கும் நான் வேண்டாதவன்னு ஒரு பாரம் சேந்துச்சு. இத ஏன் சொல்றேன்னா, சர்ச்சோ கோயிலோ தர்காவோ, ஜெபம் நடக்கிற எடம் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. உங்கள கூட்டத்துல நிக்க வச்சு அவமானப்படுத்துனாங்கனா, டாக்டர்கிட்ட போகாதன்னு சொன்னாங்கனா, ஏற்கெனவே சாப்பிடுற மாத்திரைய நிறுத்த சொன்னாங்கனா, அங்க இருந்து எழுந்து வந்துடுங்க. மாத்திரைய திடீர்னு நிறுத்துறது உடம்புக்கே ஆபத்து. கடவுள் பேரச் சொல்லி அத சொல்றவங்க யாரா இருந்தாலும் கேக்காதீங்க.

ரீடிங் ரூமுக்கு கூட்டிகினு போனது பக்கத்து வீட்டு அக்கா. உள்ள போனதும் ஐயரம்மா "வா கண்ணு, குந்து"ன்னாங்க, கையில இருந்த போன கவுத்து வச்சாங்க, பாப்பாவ வாங்கி அந்த நர்ஸம்மா தோள்ல போட்டுகிட்டாங்க. ஜெபம் ஆரம்பிக்கப் போறாங்கன்னு நான் கண்ண மூடுனேன். "அப்புறம் பண்ணலாம், மொதல்ல டீ குடி"ன்னாங்க. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்கல. அதுக்கப்புறம் ஐயரம்மா என் மொகத்த பாத்து, சுத்தி வளைக்காம, "சாகணும்னு தோணுதா கண்ணு?"ன்னு கேட்டாங்க.

அந்த கேள்விய என்கிட்ட அதுவரைக்கும் யாருமே கேக்கல. கேட்டா அந்த எண்ணம் இல்லாதவங்களுக்கும் வந்துடும்னு நெறைய பேர் பயப்படுறாங்க, அது அப்படி இல்லன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க, நேரா கேட்டா பாரம் எறங்கும், புதுசா எண்ணம் வராது. எனக்கு அப்படித்தான் ஆச்சு. ஆமான்னு சொன்னேன். சொன்ன ஒடனே அவங்க அதிர்ச்சி ஆகல, ஐயோ பாவம்னு வாயில கை வைக்கல, பாவம் புண்ணியம்னு ஆரம்பிக்கல. எப்ப இருந்து, எந்த நேரத்துல ஜாஸ்தி, இன்னிக்கு ராத்திரி வீட்ல யார் இருப்பாங்க, ஏதாச்சும் பண்ணிக்கணும்னு யோசிச்சு வச்சிருக்கியான்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. அங்கயே எங்க வீட்டுக்காரருக்கு போன் போட்டு, "தம்பி, இன்னிக்கு லீவு சொல்லிட்டு வா, இவள தனியா விடாத, வீட்ல ஆபத்தானது எதுவா இருந்தாலும் கைக்கு எட்டாம எடுத்து வச்சுடு"ன்னு சொன்னாங்க. அவர் வந்தார். அன்னிக்கு தான் அவருக்கே இது சோம்பேறித்தனம் இல்லன்னு புரிஞ்சுது.

அதுக்கு அப்புறம் தான் ஐயரம்மா எலியா கதைய சொன்னாங்க. சண்டே ஸ்கூல்ல இருந்து கேட்ட கதை தான், ஆனா வானத்துல இருந்து அக்கினி எறங்குன பகுதிய மட்டும் தான் எல்லாரும் சொல்லுவாங்க. அதுக்கு அடுத்த அதிகாரத்துல அதே எலியா வனாந்தரத்துல ஒரு செடிக்கு கீழ உக்காந்து, போதும் ஆண்டவரே, என் உயிர எடுத்துக்கோங்கன்னு சொல்றார். அப்ப தூதன் வந்து அவர திட்டல, விசுவாசம் எங்க போச்சுன்னு கேக்கல. அவர் தூங்குறார், தூதன் தட்டி எழுப்பி தணல்ல சுட்ட அடையும் ஒரு குடுவைல தண்ணியும் குடுக்கிறான், சாப்ட்டு திரும்ப தூங்குறார், திரும்ப எழுப்பி சாப்பாடு, நீ போக வேண்டிய தூரம் ஜாஸ்தின்னு சொல்றான். எலியா மட்டும் இல்ல, மோசே ஜனங்களோட பாரம் தாங்காம என்ன கொன்னுடும்னு கேட்டிருக்கார், யோபு தான் பொறந்த நாளையே சபிச்சார், யோனா சாவே மேல்னு சொன்னார். இவங்க யாரையும் கடவுள் தள்ளி வைக்கல. வேதத்துல இவ்ளோ பேர் இத சொல்லியிருக்காங்க, நீ சொன்னதுல இன்னா தப்புன்னு ஐயரம்மா கேட்டாங்க. எனக்கு அன்னிக்கு அழுகை வந்துச்சு, பல நாள் கழிச்சு வந்த அழுகை, நல்ல அழுகை.

இந்த இடத்துக்கு நான் இவ்ளோ மார்க் போடுறதுக்கு அடுத்து நடந்தது தான் முக்கிய காரணம். ஜெபம் பண்ணி நெத்தியில கை வச்சு வீட்டுக்கு அனுப்பிடல. நர்ஸம்மா பாப்பாவ தோள்ல தட்டிகினே சொன்னாங்க, பிரசவம் ஆன கொஞ்ச நாள் அழுகை வர்றது நெறைய பேருக்கு உண்டு, ரெண்டு வாரத்துல அதுவா சரியாயிடும், அதத் தாண்டியும் இருந்தா அது நோயி, வைத்தியம் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி பிரசவம் ஆன பொம்பளைங்கள்ல 100க்கு 13 பேருக்கு மனநலப் பிரச்சனை வருது, அதுல முக்கியமா டிப்ரஷன், நம்மள மாதிரி வளர்ற நாடுங்கள்ல அது கிட்டத்தட்ட 20. அப்ப நம்ம தெருவுலயே எத்தன பேர் இருந்திருப்பாங்க, எத்தன பேர மாமியாருங்க சோம்பேறின்னு திட்டியிருப்பாங்கன்னு நினைச்சு பாருங்க.

அதே வாரம் வேலூர் பாகாயத்துல இருக்கிற சிஎம்சி மெண்டல் ஹெல்த் சென்டருக்கு நர்ஸம்மாவே கூட வந்தாங்க. காட்பாடில இருந்து பாகாயம் டவுன் பஸ் இருக்கு, சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, அதனால காசில்லன்னு யாரும் தள்ளிப் போட வேணாம். பாகாயம்னா நம்ம ஊர்ல கிண்டலா பேசுற பழக்கம் ஒண்ணு இருக்கு, "பாகாயத்துக்கு அனுப்பணும்"னு. அந்த பேச்ச தயவுசெஞ்சு நிறுத்துங்க, அந்த ஒரு வார்த்தைக்கு பயந்து எத்தன வீட்ல வைத்தியம் பாக்காம இருக்காங்க. அங்க அட்மிட் பண்ணா கூட சொந்தக்காரங்க ஒருத்தர் கூடவே தங்கி பாத்துக்கிற மொற தான், கொண்டு போய் அடைச்சு வச்சுட்டு வர்ற எடம் கிடையாது. எனக்கு அட்மிஷன் தேவைப்படல. தாய்ப்பால் குடுக்கிறவங்களுக்கு குடுக்கக் கூடிய மாத்திரை இருக்கு, டாக்டர் பாத்து குடுத்தாங்க, வேலை செய்ய சில வாரம் ஆகும், நடுவுல விட்டுடாதீங்கன்னு சொல்லி அனுப்புனாங்க. சிஎம்சி செலவு பயமா இருக்கிறவங்க அடுக்கம்பாறை கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு போலாம், அங்கயும் மனநலப் பிரிவு இருக்கு.

பஸ்ல வரும்போது நர்ஸம்மா ஐடா ஸ்கடர் கதைய சொன்னாங்க, வேலூர்க்காரங்களுக்கு தெரிஞ்சது தான். திண்டிவனத்துல ஒரே ராத்திரில மூணு பேர் வந்து கதவ தட்றாங்க, ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து வீட்டுக்காரர், மூணு பேர் சம்சாரத்துக்கும் பிரசவ கஷ்டம், ஆம்பள டாக்டர் தொடக் கூடாது, லேடி டாக்டர் கிடையாது, விடியறதுக்குள்ள மூணு பொண்ணும் செத்துட்டாங்க. அந்த சாவுங்களால தான் அந்தம்மா டாக்டருக்கு படிச்சு வந்து 1900ல ஒத்த கட்டிலோட வேலூர்ல இந்த சிஎம்சிய ஆரம்பிச்சாங்க. "அப்ப பிரசவத்துல உடம்பால செத்தாங்க, இப்ப மனசால செத்துகினு இருக்காங்க, அதுக்கும் ஆஸ்பத்திரி தான் போவணும், அதுவும் ஊழியம் தான்"னு நர்ஸம்மா சொன்னாங்க. விசுவாசத்தையும் வைத்தியத்தையும் ஒண்ணுக்கொண்ணு எதிரா நிறுத்துறவங்க வேலூர்ல இருந்துகினு எப்படி அப்படி பேசுறாங்கன்னு எனக்கு புரியல, இந்த ஊரே அது ரெண்டும் சேந்து கட்டுன ஊரு.

மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும் இருக்கிற அந்த வாரங்கள் தான் ரொம்ப கஷ்டம், அங்க தான் ரீடிங் ரூம் எனக்கு கை குடுத்துச்சு. பழைய சர்ச் காலண்டர் தாள வெட்டி அதோட பின்பக்கம் என் கையாலயே எழுத சொன்னாங்க: நெனப்பு வரப் போகுதுன்னு எனக்கு எப்படி தெரியும் (எனக்கு காது அடைச்ச மாதிரி ஆகும், குழந்தைய தூக்க கை வராது), அப்ப மொதல்ல இன்னா செய்யணும், யார் பக்கத்துல போய் உக்காரணும், யாருக்கு போன் பண்ணனும், அவங்க எடுக்கலனா அடுத்து யாரு, கடைசில 14416, எந்த ஆஸ்பத்திரி. அத மடிச்சு போன் கவருக்குள்ள வச்சிருந்தேன். ஒரு ராத்திரி அந்த தாள எடுத்து வரிசையா போனேன், ஐயரம்மா எடுக்கல, தூங்கியிருப்பாங்க, 14416ல ஒரு பொண்ணு எடுத்து எங்க வீட்டுக்காரர் எழுந்து வந்து பக்கத்துல உக்கார்ற வரைக்கும் பேசிகினே இருந்தாங்க. அவங்க யாருன்னு தெரியாது, நல்லா இருக்கணும். சாமிகிட்ட கேட்ட ஒதவி போன்ல வந்துச்சுன்னு தான் நான் நம்புறேன்.

கிறிஸ்டியனா இல்லாதவங்க போலாமான்னு கேப்பீங்க. தாராளமா. நான் இருந்த நாள்ல எல்லாம் பாதிப் பேர் வேற மதம் தான், யாரையும் மாறச் சொல்லி நான் பாக்கல, அப்படி ஏதாச்சும் இருந்திருந்தா இங்க எழுதியிருப்பேன். போளூர்ல இருந்து விழுப்புரம் லைன் ட்ரெய்ன்ல ஒரு அண்ணன் வருவார், நெத்தி நெறைய திருநீறு, கடன்ல மாட்டி வாழ்க்கைய வெறுத்து போனவர். அவர் சொல்லிக்கலாம்னு சொன்னதால சொல்றேன், அவருக்கு தெம்பு குடுத்தது அருணகிரிநாதர் கதை. திருவண்ணாமலைல வாழ்க்கை வெறுத்து கோபுரத்துல ஏறி உயிர விடத் துணிஞ்சவர முருகன் தாங்கிக்கிட்டார், அதுக்கப்புறம் தான் திருப்புகழே பொறந்துச்சுன்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. "சாமி நேர்ல வந்து தாங்கும்னு காத்துகினு இருக்காதீங்க, எனக்கு முருகன் கை எங்க தங்கச்சி ரூபத்துல வந்துச்சு, என் போன புடுங்கி கடன்காரங்க கூட அவ பேசுனா"ன்னு அந்த அண்ணன் சொல்வார். பேர்ணாம்பட்டு அக்கா ஒருத்தங்க துஆ ஒண்ணு சொன்னாங்க, சாவ வேணும்னு கேக்கக் கூடாது, தாங்கவே முடியலனா, வாழ்றது எனக்கு நல்லதா இருக்கிற வரைக்கும் வாழ வைன்னு கேக்கணும்னு நபி சொல்லிக் குடுத்திருக்காங்களாம். எனக்கு அந்த துஆ ரொம்ப பிடிச்சு போய் என் ஜெபத்துலயும் அத சேத்துகிட்டேன், ஐயரம்மாவும் ஆமென்னு சொன்னாங்க.

அங்க பேசுறது அங்கயே நிக்கும், அது உண்மை. எங்க சர்ச்சுல எனக்கு தெரிஞ்ச ஒருத்தங்கள அங்க பாத்தேன், இன்னிக்கு வரைக்கும் ஆராதனைல பாத்தா அவங்களும் சாதாரணமா ஸ்தோத்திரம் சொல்லிட்டு போவாங்க, நானும் சொல்லுவேன். ஆனா ஒரு விஷயத்துல மட்டும் ரகசியம் காக்க மாட்டோம்னு மொத நாளே சொல்லிடுவாங்க, உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா வீட்டுக்கு சொல்லுவோம்னு. அது சரியான வழக்கம். அப்புறம் போலீஸ் கேஸ் ஆயிடுமோன்னு பயந்து எதையும் மறைக்காதீங்க, 2017 மனநல சட்டத்துலயே அந்த மாதிரி முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னு தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, வைத்தியம் பாக்கணும்னு இருக்கு. இது அந்த டீச்சரம்மா எல்லாருக்கும் சொல்ற விஷயம்.

கொறையும் இருக்கு, சொல்லித்தான் ஆகணும். வாரத்துல ரெண்டு நாள் பத்தாது. புதன்கிழமை மத்தியானம்னா தோல் கம்பெனி, ஷூ கம்பெனி வேலைக்கு போற பொம்பளைங்க எப்படி வருவாங்க. தனியா பேச ஒரே ஒரு மூலை தான், திரைச்சீலை போட்டு மறைச்சிருக்காங்க, சனிக்கிழமை கூட்டம் இருந்தா மெதுவா பேச வேண்டி இருக்கு, முகூர்த்த நாள்ல பக்கத்து கல்யாண மண்டப ஸ்பீக்கர் சத்தத்துல அதுவும் முடியாது. ஆம்பளைங்க ரொம்ப கம்மியா தான் வர்றாங்க, உள்ள ஆம்பள ஆள் ஒருத்தர் கேக்குறதுக்கு இருந்தா இன்னும் நெறைய பேர் வருவாங்கன்னு போளூர் அண்ணனும் சொல்லிகினு இருக்கார். காலேஜ் பசங்களுக்கு தனியா ஒரு நேரம் ஒதுக்கணும், இவ்ளோ ஹாஸ்டல் இருக்கிற ஊர்ல அது கட்டாயம் தேவை. இதெல்லாம் ஐயரம்மாகிட்டயே சொல்லிட்டேன், சபை கமிட்டில பேசுறேன்னு சொல்லியிருக்காங்க.

அஞ்சுக்கு நாலரை குடுக்கிறேன், அந்த அரை கொறைச்சது ரூமுக்கும் நேரத்துக்கும் தான், அங்க இருக்கிற மனுஷங்களுக்கு இல்ல. எனக்கு இப்பவும் மாத்திரை இருக்கு, டாக்டர் கொறைச்சுகினு வர்றாங்க, இடையில மோசமான நாள் வராம இல்ல, ஆனா அந்த அமைதியான கணக்கு வந்தா அது நோய் பேசுறதுன்னு இப்ப எனக்கு தெரியுது, ஒடனே யார்கிட்டயாவது சொல்லிடுறேன். அத்தை இப்ப பாப்பாவ ராத்திரி ஒரு வேளை அவங்க பக்கத்துல போட்டுக்கிறாங்க, நர்ஸம்மா வீட்டுக்கே வந்து அவங்களுக்கு பொறுமையா எடுத்து சொன்னதுல இருந்து.

போகணும்னு நினைக்கிறவங்க உங்க ஏரியா சிஎஸ்ஐ சர்ச் பெண்கள் ஐக்கியத்துல இருக்கிற பெரியவங்க யார்கிட்டயாவது மெதுவா கேட்டு பாருங்க, தெரிஞ்சவங்க வழி சொல்லுவாங்க. காட்பாடில இருக்கிற சித்தூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஷேர் ஆட்டோல போயிடலாம், தூரம் இல்ல. சனிக்கிழமைனா கொஞ்சம் சீக்கிரம் போங்க, அந்த திரைச்சீலை மூலை கிடைக்கும். கைக்குழந்தை இருந்தா தயங்காம எடுத்துகினு போங்க, தூக்கி வச்சுக்க ஆள் இருக்காங்க, பால் குடுக்கணும்னா டீச்சரம்மா கதவ சாத்திட்டு வெளிய நின்னுப்பாங்க.